புழுவும் தும்மலும்: பூச்சி மாத்திரை போட்டால் அலர்ஜி வருமா?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ குழந்தை மருத்துவருக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். நெபுலைசர் முகமூடியோடு இருக்கும் பேரனைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டி சொல்வார்: “நாங்கெல்லாம் செருப்பில்லாம தேயிலைக் காட்டுல கிடந்தவங்க. எங்க காலத்துல ஏது இந்த வீசிங்கு?” பக்கத்தில் இருப்பவர் உடனே, “இப்ப புள்ளைங்கள மண்ணுல விடறதே இல்ல, அதான்” என்பார்.

இதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. வெறுங்காலோடு நடந்தவர்கள் உடலுக்குள் போன புழுக்கள் அலர்ஜியைத் தணித்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களே ஏறக்குறைய 50 ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதும் வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் ஒன்றல்ல. “மண்ணில் விளையாடினால் அலர்ஜி வராது, பூச்சி மாத்திரை கொடுத்தால் வரும்” என்ற அளவுக்கு விஷயம் சுருங்காது.

முதலில் அலர்ஜி எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். மலைவீடுகளில் கம்பளிக்குள்ளும் மெத்தைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் உண்டு. அவற்றின் கழிவில் இருக்கும் புரதம் மூக்குக்குள் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சிலருடைய உடல் மட்டும் அதைப் பகையாக நினைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. மூக்கு, நுரையீரல், தோல், குடல் ஆகிய இடங்களில் மாஸ்ட் செல்கள் என்று ஒரு வகை செல்கள் இருக்கின்றன. ஐஜிஇ போய் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசிப் புரதம் வந்தவுடன் மாஸ்ட் செல் தன்னிடம் உள்ள ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அப்புறம் தும்மல், மூக்கில் நீர், தோலில் தடிப்பு, மூச்சுக்குழல் சுருங்கி இளைப்பு. நாம் போடும் செட்ரிசின் மாத்திரை தடுப்பது இந்த ஹிஸ்டமினைத்தான்.

இந்த ஐஜிஇயை 1960களின் நடுவில் அமெரிக்காவில் வேலை பார்த்த இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், தனியாக ஸ்வீடனில் ஒரு குழுவும் கண்டுபிடித்தார்கள். தொல்லை மட்டுமே தருகிற ஒன்றை உடல் எதற்கு வைத்திருக்கிறது? ஐஜிஇக்கு ஒரு முக்கிய வேலை புழுக்களை எதிர்ப்பது என்பதுதான் பலரும் ஏற்றுக்கொண்ட பதில். கிருமி சின்னது, ஒரு வெள்ளையணு அதை விழுங்கிவிடலாம். குடலில் வாழும் நாக்குப்பூச்சி என்ற புழு ஒரு சாணுக்கும் மேல் வளரும். அதை எந்தச் செல்லும் விழுங்க முடியாது, வெளியே தள்ளத்தான் வேண்டும். சளியைச் சுரந்து வழுக்கிவிடு, இருமு, தும்மு, பேதியாக்கு, சொறியவை. அலர்ஜியின் அறிகுறிகளை இப்படி ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், அத்தனையும் வெளியேற்றும் வேலைதான்.

இதிலிருந்து எளிதாக ஒரு கதை பிறக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை ஊருக்குள் வராமல் பார்த்துக்கொள்ள இரவுக் காவலுக்கு ஆள் இருப்பார். கையில் டார்ச் லைட், பட்டாசு. யானையே வராத ஊரில் அவரை அதே பட்டாசோடு உட்காரவைத்தால், வேலியோரம் முயல் ஓடினாலும் கொளுத்திப் போடுவார். முயலால் ஒரு கெடுதலும் இல்லை, சத்தத்தில் ஊருக்குத்தான் தூக்கம் போகும். புழு இல்லாத உடலில் ஐஜிஇ செய்வதும் இதுதான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பல கட்டுரைகள் இதோடு முடிந்தும்விடுகின்றன. எனக்கு இந்தக் கதையில் ஒரு சிக்கல் தெரிகிறது. யானை தினமும் வரும் ஊரில் காவல்காரர் ராத்திரி முழுக்க வெடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெடியில் முயலும் மாட்ட வேண்டும். அதாவது, வயிற்றில் புழு இருப்பவர்களுக்கு அலர்ஜி இன்னும் அதிகமாக வர வேண்டும். அவர்கள் ரத்தத்தில் ஐஜிஇ ஏராளமாக இருக்கும், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவும் கூடியிருக்கும். ஆயுதம் எல்லாம் தயார். ஆனாலும் பல இடங்களில் அவர்களுக்குத் தும்மலும் தடிப்பும் குறைவாகவே இருக்கின்றன.

இந்த முரண்தான் மொத்த விஷயத்தின் மையம். அங்கே போவதற்கு முன் ஒரு சின்னச் சுற்று.

சுத்தம்தான் குற்றவாளியா?

1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரம் அவரிடம் இருந்தது. அண்ணன், அக்கா அதிகம் உள்ள குழந்தைக்கு மகரந்த அலர்ஜி குறைவாக இருந்தது. மூத்த பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்றுகள் இளையவர்களைக் காப்பாற்றுகின்றனவோ என்று அவர் கேட்டார். ‘சுகாதாரக் கருதுகோள்’ என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். அவர் புழுவைப் பற்றிப் பேசவில்லை. கை கழுவாதே என்றும் சொல்லவில்லை.

கிருமிகளை எதிர்க்கும் பிரிவு ஒன்று, புழுவையும் அலர்ஜியையும் நடத்தும் பிரிவு இன்னொன்று, இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகள், கிருமி குறைந்தால் அலர்ஜித் தட்டு தாழ்ந்துவிடும் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தைப் புழுவே உடைத்துவிட்டது. புழு நிற்பது அலர்ஜித் தட்டில்தானே? அப்படியானால் புழு உள்ளவர்களுக்கு அலர்ஜி கூடியிருக்க வேண்டும். போதாததற்கு, அலர்ஜி பெருகிய அதே நாடுகளில் எதிர்த்தட்டைச் சேர்ந்த முதல் வகை நீரிழிவு போன்ற நோய்களும் பெருகின. இரண்டு தட்டும் சேர்ந்து தாழ்ந்தால் அது தராசே இல்லை.

2003இல் கிரஹாம் ரூக் என்ற லண்டன் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். நம்மோடு ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக வாழ்ந்த உயிர்கள் சில உண்டு: மண்ணில், ஆட்டுமாட்டில், குடலில் உள்ள நுண்ணுயிர்கள், கூடவே புழுக்கள். அவற்றோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் நமக்குத்தான் நஷ்டம். அதனால் உடல் அவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகியது. அந்தப் பழக்கம் தரும் உயிர்கள் போனதும் எதிர்ப்பு சக்திக்குத் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாமல் போனது. அவர்கள் இவற்றைப் ‘பழைய நண்பர்கள்’ என்றார்கள். ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவை நண்பன் என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

புழு செய்யும் வேலை

புழுவின் பக்கமிருந்து யோசித்தால் முரண் அவிழ்ந்துவிடும். கொக்கிப்புழுவின் லார்வா, அதாவது இளம்புழு, ஈர மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும். இவ்வளவு தூரம் வந்த பிறகு வீட்டுக்காரர் தும்மி, இருமி, பேதியாகி அதை வெளியே தள்ளிவிட்டால் பயணமே வீண். வீட்டுக்காரர் செத்தாலும் வீண். ஆகவே நீண்ட நாள் தங்கும் புழுவுக்கு வேண்டியது அமைதியான வீடு. தன் உடலிலிருந்து பல புரதங்களைச் சுரந்து அந்த அமைதியை அதுவே உண்டாக்குகிறது.

நம் உடலில் மற்ற எதிர்ப்புச் செல்களைப் பார்த்து “போதும், நிறுத்து” என்று சொல்லும் செல்கள் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் 2025இல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. நாள்பட்ட புழுத்தொற்றில் இந்தச் செல்களின் கை ஓங்குகிறது. இன்டர்லூகின்-10 என்ற அடக்கும் செய்தி பரவுகிறது. ஐஜிஇ இருந்தாலும், மாஸ்ட் செல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாலும், கொட்டு என்ற கட்டளை பலமாகப் போவதில்லை. புழு தனக்காகச் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டில் தூசிக்கும் மகரந்தத்துக்கும் எதிரான கோபமும் சேர்ந்து தணிகிறது. காவல்காரருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதல்ல, அவரை அடக்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

மனிதர்களிடம் பார்த்தபோது

ஆப்பிரிக்காவின் காபோனில் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2000இல் ஒரு முடிவு வெளிவந்தது. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் ஒரு தட்டைப்புழு இருந்த குழந்தைகளுக்குத் தூசிப்பூச்சிச் சாற்றைத் தோலில் குத்திப் பார்த்தபோது தடிப்பு குறைவாக வந்தது. அவர்கள் ரத்தத்தில் இன்டர்லூகின்-10 அதிகம் சுரந்தது. சரி, புழுவை எடுத்துவிட்டால்? அதே நாட்டில் குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுத்து 30 மாதம் கவனித்தார்கள். தோல் சோதனையில் தூசிப்பூச்சிக்கான எதிர்வினை கூடியது.

பாட்டி சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிடலாம்தான். ஆனால் 2006இல் ஈக்வடோரிலிருந்து வேறு மாதிரி பதில் வந்தது. 68 கிராமப் பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பாதிப் பள்ளிகளில் ஓராண்டு முழுக்க 2 மாதத்துக்கு ஒரு முறை அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை, மீதியில் இல்லை. புழு குறைந்தது. அலர்ஜி கூடவில்லை, தோல் சோதனையிலும் மாற்றம் இல்லை. 2010இல் வந்த வியட்நாம் ஆய்வின் முடிவு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது: கொக்கிப்புழு நிறைந்த கிராமங்களில் மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குத் தோல் சோதனை எதிர்வினை கூடியது, ஆனால் இளைப்போ மூக்கொழுகலோ கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோயோ கூடவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தோலில் தடிப்பு வருவது வேறு, நோய் வருவது வேறு. ஒரு பொருளுக்கு உடல் ஐஜிஇ செய்து வைத்திருக்கிறது என்பதைத்தான் தோல் சோதனை காட்டும். அப்படி வைத்திருப்பவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். புழு நீக்கிய ஆய்வுகளில் மாறியதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தடிப்புதான். ஆஸ்துமா அவ்வளவாக மாறவில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. உகாண்டாவின் என்டெபேயில் சுமார் 2,500 கர்ப்பிணிகளிடம் நடந்தது அது. கர்ப்பத்தில் அல்பெண்டசோல் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கரப்பான் அதிகம் வந்தது என்று 2011இல் எழுதினார்கள். பள்ளி வயதில் புழுவை எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வயிற்றில் இருக்கும்போதே தாயின் புழு போனால் வித்தியாசம் தெரிகிறது. எதிர்ப்பு சக்தி தன் குணத்தைக் கற்றுக்கொள்ளும் காலம் மிகச் சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். அப்படியானால் 8 வயதுப் பையனை இப்போது வெறுங்காலில் விட்டுப் பயனில்லை. கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தவிர்க்கவும் கூடாது. ரத்தசோகை உள்ள தாய்க்குக் கொக்கிப்புழு அந்தக் கரப்பானைவிடப் பெரிய ஆபத்து.

எந்தப் புழு என்பதும் முக்கியம்

புழுக்கள் எல்லாம் ஒரே ரகமில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2006இல் வந்தது. கொக்கிப்புழு உள்ளவர்களுக்கு ஆஸ்துமா குறைவு, நாக்குப்பூச்சி உள்ளவர்களுக்கு ஆஸ்துமா அதிகம் என்றது அது. நாக்குப்பூச்சிக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். அதன் லார்வாக்களும் நுரையீரல் வழியாகத்தான் போகின்றன. போகும்போது இருமலையும் இளைப்பையும் கிளப்பிவிடும். இரண்டாவது, அதன் தசையில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி ஆகியவற்றின் அதே புரதத்தைப் போலவே இருக்கும். புழுவுக்கென்று உடல் செய்த ஐஜிஇ தூசிப்பூச்சியையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இதை நீலகிரியின் மேல் வைத்துப் பார்க்கலாம். கொக்கிப்புழு லார்வாவுக்கு வெதுவெதுப்பான, நிழல் விழும் ஈர மண் வேண்டும். உறைபனி விழும் ஊட்டியைவிட, கீழே இருக்கும் கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தோட்டங்கள் அதற்கு வசதி. நாக்குப்பூச்சியின் முட்டை கெட்டி ஓடு கொண்டது. குளிரைத் தாங்கி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்குச் சுமார் 2,00,000 முட்டை இடும். மனிதக் கழிவு கலந்த மண்ணில் விளைந்த கேரட்டைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துக் கடித்தால் போதும். ஆக, மேட்டு நிலத்துக் குழந்தைக்கு வாய்க்கக்கூடியது இளைப்பைக் குறைக்கும் புழு அல்ல, கூட்டும் புழு.

பாட்டியின் காலத்துக்கும் பேரனின் காலத்துக்கும் நடுவில் புழு மட்டுமா போனது? லயன் வீட்டில் ஆறேழு பிள்ளைகள் ஒரே பாயில் படுத்தார்கள். இப்போது ஒன்றோ இரண்டோ. எருமையும் பசுவும் வீட்டை ஒட்டி நின்றன. விறகடுப்பு போய் கேஸ் வந்தது. ஆன்டிபயாட்டிக் வந்தது, சிசேரியன் கூடியது, ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போடும் பழக்கம் வந்தது. இதில் எது எவ்வளவு செய்தது என்று ஒரு ஊரை மட்டும் பார்த்துப் பிரித்துவிட முடியாது. அமெரிக்காவில் ஒரே மாதிரி மரபுள்ள இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மாடு, குதிரையோடு பழைய முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், இயந்திர விவசாயம் செய்யும் ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம். வித்தியாசம் வீட்டுத் தூசியில் கலந்திருந்த நுண்ணுயிர்ப் பொருள்களில் இருந்தது, புழுவில் அல்ல.

அப்புறம் மலைக்காற்று. ஸ்விட்சர்லாந்தின் மலையூரான டாவோஸுக்குப் போன ஆஸ்துமாக்காரர்கள் தேறினார்கள் என்பது உண்மைதான். அங்கே காற்று வறண்டது, தூசிப்பூச்சி பிழைக்காது. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. மழை மாதங்களில் நம் சுவரில் பூஞ்சை படரும், கம்பளி காயாது. உயரத்தில் இருந்தாலும் ஈரம் இருந்தால் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

புழுவையே மருந்தாக்கினால்?

செய்து பார்த்துவிட்டார்கள். டர்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கொக்கிப்புழுவைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். தன் மகரந்த அலர்ஜி அடங்கிவிட்டதாக 1976இல் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஒரே ஒருவரின் அனுபவம், அவ்வளவுதான். முறைப்படி செய்த சோதனைகள் அந்த உற்சாகத்தைத் தரவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 32 ஆஸ்துமா நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆளுக்கு 10 கொக்கிப்புழு லார்வா, மறு பாதிக்குப் போலி மருந்து கொடுத்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை. டென்மார்க்கில் 100 மகரந்த அலர்ஜிக்காரர்களிடம் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. இரண்டு முடிவும் 2010இல் வந்தவை. வளர்ந்தவர்களுக்கு, சில புழுக்களை, சில மாதங்களுக்கு மட்டும் கொடுத்தது போதவில்லையா, அல்லது ஏற்கெனவே வந்துவிட்ட அலர்ஜியை எந்தப் புழுவாலும் திருப்ப முடியாதா என்பது பிரியவில்லை. இணையத்தில் புழுவை விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது ஆய்வின் கவனம் புழுவை விட்டு அது சுரக்கும் பொருளுக்கு வந்திருக்கிறது. எலிக் குடலில் வாழும் ஒரு புழுவின் புரதம், காயப்பட்ட செல்கள் அனுப்பும் இன்டர்லூகின்-33 என்ற அபாயச் செய்தியைப் பிடித்து வைத்துவிடுகிறது என்று 2017இல் காட்டினார்கள். பூஞ்சையால் எலிகளுக்கு வரும் நுரையீரல் அலர்ஜி அதனால் குறைந்தது. நம் ஈரச் சுவர்களுக்கு நேரடித் தொடர்புள்ள விஷயம். ஆனால் இன்னும் எலியைத் தாண்டி மனிதருக்கான மருந்தாகவில்லை.

நம் கையில் இருப்பது

ரத்தச் சோதனையில் ஐஜிஇ கூடுதலாக வந்தால், “புள்ளைக்கு பயங்கர அலர்ஜி” என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மொத்த ஐஜிஇயும் ஈசினோஃபிலும் புழுவாலும் உயரும். அதனால்தான் சில மருத்துவர்கள் மலச் சோதனையும் எழுதுகிறார்கள், அல்லது முதலில் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறார்கள். இளைப்பு வரும் குழந்தைக்கு இன்ஹேலரை இதற்காக நிறுத்தக் கூடாது. கம்பளியை வெயில் வந்த அன்றே உதறிக் காயப்போடுவதும், தலையணை உறையை வெந்நீரில் துவைப்பதும், அறைக்குள் ஈரத்துணி உலர்த்தாமல் இருப்பதும் தூசிப்பூச்சியை நிஜமாகவே குறைக்கும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். 2015இலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10 முதல் சுற்று, ஆகஸ்டில் இன்னொன்று. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 2 வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, 1 முதல் 2 வயது வரை பாதி மாத்திரை. மென்று சாப்பிட வேண்டும்; சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் தள்ளிப் போடலாம். இதனால் இளைப்பு வருமா என்று கேட்டால், பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படி வரவில்லை. வயிற்றில் புழுவை விட்டு வைத்தால் ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் வரும். அது நாக்குப்பூச்சியாக இருந்தால் இளைப்பும் கூடலாம்.